டீசல் ரயிலின் சுவருக்குள் இருந்த நீலப் பஞ்சு

கிளாஸ்கோவில் நெஞ்சக நோய் மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோயாளிகளிடம் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டு, வந்த பதிலை ஒரே சொல்லில் எழுதிவிடுவேன். ரயில்வே. கப்பல் பட்டறை. பஸ் டிரைவர். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குப் புரியவைத்தவர்கள், பழைய டீசல் ரயில்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தாத முதியவர்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உண்மையில் அவர் ஒருவர் அல்லர். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேரின் கதையை ஒருவர் மீது ஏற்றியிருக்கிறேன்.

எண்பதை நெருங்கும் வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வலது விலாவில் ஒரு மந்தமான வலி, மூன்று மாதத்தில் இடுப்பு பெல்ட் இரண்டு துளை உள்ளே போய்விட்டது. எக்ஸ்ரேயில் வலது பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருக்கிறது. குடும்ப மருத்துவரின் கடிதத்தில், "ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பு இல்லை" என்று இருந்தது. நானும் ஒருமுறை கேட்டேன். "இல்லை சன், அதெல்லாம் கப்பல் கட்டுறவங்களுக்கு" என்றார். 'சன்' என்பது இங்கே நம்மூர் 'தம்பி' மாதிரி. டாக்டராக இருந்தாலும் தம்பிதான்.

ஸ்கேன் பார்த்து, முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் செருகி நீரை எடுக்க ஆரம்பித்தேன். அவசரமே கூடாத வேலை இது. அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதுவே ஆபத்து, ஆகவே ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. அவர் மேசையில் தலையணை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பாட்டிலில் ரத்தம் கலந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இந்த அரை மணி நேரத்தில் ஏதாவது பேசியாக வேண்டுமே! "ரயில்வேயில் எந்த ரயில்?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், மனுஷர் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். குனியச் சொல்லி மறுபடியும் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவர் பேசியது 1950-களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்துக்கு வந்த டீசல் ரயில் கார்களைப் பற்றி. நம்மூர் டெமு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: தனி எஞ்சின் கிடையாது, பெட்டிகளின் தரைக்கு அடியிலேயே டீசல் எஞ்சின்கள். ஆனால் இவற்றில் பஸ் போலவே கியர் உண்டு. நான்கு கியர். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டிரைவர் எஞ்சின் வேகத்தைக் குறைப்பார், உறுமல் ஒரு கணம் அடங்கும், பிறகு ஒரு படி தாழ்ந்த குரலில் மறுபடி தொடங்கும். அந்த நான்கு படிகளையும் அவர் தொண்டையாலேயே செய்து காட்டினார். மூன்றாவது கியருக்குப் போகையில் இருமல் வந்துவிட்டது.

நிலையத்தில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடுமாம். உட்காரும் இடத்தில் ஒரு நடுக்கம். டீசல் வாசனையும், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனையும் கலந்து வரும். கிளாஸ்கோவில் மழை இல்லாத நாள் ஏது? பெரும்பாலான வண்டிகளில் டிரைவருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. முன் சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர் பார்க்கும் அதே தண்டவாளத்தை நீங்களும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை லார்க்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போவாராம், முன் சீட்டுக்கு இருவரும் அடித்துக்கொள்வார்களாம். எடின்பரோவிலிருந்து ஃபைஃப் போகும்போது, 1890-இல் திறந்த ஃபோர்த் பாலத்தின் சிவப்பு இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கமும் முகத்துக்கு நேரே வந்து விரியுமாம். "அதுக்குப் பிறகு எந்த ரயிலும் எனக்குப் பிடிக்கல. இப்போ எல்லாத்திலயும் முன்னாடி ஒரு கதவு."

கிளாஸ்கோவில் இந்த மாதிரி ஆட்கள் நிறைய. இந்த ஊரின் வடக்கே ஸ்பிரிங்பர்ன் என்று ஒரு பகுதி ஒரு காலத்தில் உலகத்துக்கே ரயில் எஞ்சின் செய்து அனுப்பியது. இந்தியாவின் பிராட் கேஜ் நீராவி எஞ்சின்களில் எத்தனையோ இங்கே பிறந்தவை. நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்தால் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

சரி, ரயிலில் என்ன வேலை? இந்தக் கேள்வியைத்தான் நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

1960-இல் பதினாறு வயதில் ஒரு பணிமனையில் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறார். மோதி நசுங்கிய பெட்டி, ஜன்னலுக்குக் கீழே துருப்பிடித்த பெட்டி, ஒயர் மாற்ற வேண்டிய பெட்டி எல்லாம் அவரிடம் வரும். உள்பக்கத்துப் பலகையைக் கழற்றி, இரும்புத் தகட்டைச் சுரண்டி, ஒட்டுப் போட்டு, திரும்ப மூட வேண்டும். என் பேனாவை வாங்கி, கையுறைப் பெட்டியின் அட்டையில் படம் போட்டார். வெளித் தகடு ஒரு கோடு. உள்பலகை ஒரு கோடு. இடையில் இருந்த இடத்தைச் சின்னச் சின்னக் கோடுகளால் நிரப்பினார்.

"இது என்ன?"

"ப்ளூ."

தொடவே மெத்தென்று இருக்குமாம். சாம்பல் கலந்த நீலம். பலகையைக் கழற்றிக் கையால் ஒரு தட்டு தட்டினால் பொலபொலவென்று கொட்டும். மேலே கண்ணாடிக் கூரை வழியாக வெயில் விழும் நாளில், காற்றில் மினுமினுவென்று மிதப்பது தெரியுமாம். பையன்கள் அதை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடியிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளுவது கடைசியாகச் சேர்ந்த பையனின் வேலை. கடைசியாகச் சேர்ந்தவர் இவர்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பு இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கப்பலில் குழாய்களுக்குப் பூசும் வெள்ளைக் குழம்பு. இதன் பெயர் ப்ளூ. நான் கேட்ட சொல் வேறு, அவர் அறுபது ஆண்டு சுமந்த சொல் வேறு.

அது குரோசிடோலைட் எனப்படும் நீல ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டிஷ் ரயில்வே 1955-இல் நவீனமயத் திட்டத்தை அறிவித்து, நீராவியை விட்டு டீசலுக்கு மாறியபோது, ஆயிரக்கணக்கான பெட்டிகளின் உட்சுவரில் இதைத் தெளிப்பானால் பீய்ச்சி ஒட்டினார்கள். சூடு வெளியே போகாது, இரைச்சல் உள்ளே வராது, தீப்பிடிக்காது, விலையும் மலிவு. எஞ்சினியர் பார்வையில் குற்றமே சொல்ல முடியாத பொருள். நுரையீரல் பார்வையில் இதைவிட மோசமான பொருள் கிடையாது. ஊசி போல நேரான, கண்ணுக்குத் தெரியாத இழைகள். மூச்சோடு உள்ளே போய் ஓரம்வரை சேர்ந்துவிடும், உடம்பால் கரைக்க முடியாது.

என்னை இன்றும் உறுத்தும் ஒரு விஷயம், இவர் வேலைக்குச் சேர்ந்த அதே 1960-இல்தான் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் சக மருத்துவர்களும், நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதி மக்களுக்கு மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய் வருவதைப் பதிவு செய்தார்கள். 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இரு பெண் மருத்துவர்கள் அதையே உறுதிசெய்தார்கள். 1960-களின் இறுதியில் புதுப் பெட்டிகளில் தெளிப்பது நின்றது. ஆனால் ஏற்கெனவே தெளித்த பெட்டிகள் அப்புறமும் இருபது ஆண்டு ஓடின, பழுதாகின, கழற்றப்பட்டன. 1980-களில் அவற்றைப் புதுப்பிக்கலாமா, உடைத்துப் போடலாமா என்ற கணக்கில், உள்ளே இருந்த ப்ளூவை எடுக்கும் செலவும் சேர்ந்தது. ஸ்பிரிண்டர் எனப்படும் புது ரயில்கள் வந்து பழையவை உடைப்புக்குப் போயின. பிரிட்டனில் நீல ஆஸ்பெஸ்டாஸுக்கும், பழுப்பு என்ற இன்னொரு வகைக்கும் சட்டப்படி தடை வந்தது 1985-இல். வெள்ளை வகைக்கு 1999-இல்.

இந்த நோய் இழை உள்ளே போய் முப்பது, நாற்பது, சில சமயம் ஐம்பது ஆண்டுக்கும் மேல் கழித்து வரும். ஆகவே தடை வந்து இத்தனை காலம் ஆகியும் பிரிட்டனில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதீலியோமாவில் இறக்கிறார்கள். சிகரெட்டுக்கும் மீசோதீலியோமாவுக்கும் சம்பந்தமில்லை; "நான் பிடிச்சதே இல்லையே டாக்டர்" என்பவர்களுக்கும் வரும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸோடு சிகரெட்டும் சேர்ந்தால் சாதாரண நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பல மடங்காகும். எனவே இந்த வேலைகளில் இருந்தவர்கள் எந்த வயதிலும் புகையை விடுவது வீண் போகாது.

இந்தக் கதையைச் சொன்னால் பலரும் உடனே கேட்பது, "நாங்க அந்த ரயில்ல பிரயாணம் பண்ணினோமே, எங்களுக்கு?" பயப்பட வேண்டாம். பலகைக்குப் பின்னால் மூடிக் கிடந்தது பயணி மேல் கொட்டவில்லை. முன் சீட்டுக்குச் சண்டை போட்ட அந்தப் பிள்ளைகளுக்கு, பயணத்தால் வந்திருக்கக்கூடிய அபாயம் மிகமிகச் சிறியது. அதை உடைத்தவர்களும், தெளித்தவர்களும், பெருக்கியவர்களும்தான் கவலைக்குரியவர்கள். இன்று ஸ்காட்லாந்தில் போனெஸ் போன்ற பாரம்பரிய ரயில் பாதைகளில் இந்த வண்டிகளைப் பார்க்கப் போவதிலும் தயக்கம் வேண்டாம். நான் பயப்படுவது வேறொருவரைப் பற்றி: பழைய பெட்டியின் உதிரிப் பாகம் ஒன்றை ஆசையாக வாங்கிவந்து, கார் ஷெட்டில் வைத்து உளிபோடும் ரயில் பிரியர். சுவர்ப் பலகையோ, தரைக்கு அடியில் துணி சுற்றிய புகைபோக்கிக் குழாயோ, எதுவானாலும் பரிசோதனை செய்யாமல் அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள்.

நம்மூர் வீடுகளின் மேலே இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டிலும் இதேதான். அது வெள்ளை வகை, சிமெண்டில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், சும்மா இருக்கும்வரை பெரிதாக எதுவும் செய்யாது. ஆனால் இந்தியாவில் அதற்கு இன்னும் தடை இல்லை, அதை ரம்பம் போட்டு அறுப்பவருக்கு முகத்தில் ஒரு துண்டுகூட இருப்பதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சொன்னால், "எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு சார்" என்கிறார்கள்.

அவரிடம் திரும்பி வருகிறேன். நீரில் புற்றுச் செல் தெளிவாகக் கிடைக்கவில்லை. இந்த நோயில் அது அடிக்கடி நடப்பதுதான். விலா வழியே சிறு கேமரா விட்டு, உறையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தபோது மீசோதீலியோமா உறுதியானது. இப்போது நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் இருக்கின்றன. குணமாக்கும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சிலருக்கு நல்ல மாதங்களைக் கூட்டித் தருகின்றன. அவருக்கும் தந்தன.

இத்தகைய வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், ஒரு பக்க விலா விடாமல் வலித்தால், எடை குறைந்தால், டாக்டரிடம் போகும்போது அவர் பதினாறு வயதிலிருந்து பார்த்த வேலைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்த இடம், எந்த ஆண்டு, கையில் எதைத் தொட்டார், பக்கத்தில் யார் எதை உடைத்தார். ஸ்காட்லாந்தில் நோய் தெரிந்ததிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக்குள் இழப்பீட்டு வழக்குத் தொடர வேண்டும், அதற்கும் இந்தத் தாள்தான் ஆதாரம். நுரையீரல் உறையில் சுண்ணாம்புத் தழும்பு மட்டும் இருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால் அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறவும் மாறாது. ஆனாலும் 2009-இல் வந்த ஸ்காட்டிஷ் சட்டப்படி அதற்கும் இழப்பீடு கேட்கலாம். இங்கிலாந்தில் முடியாது.

அவர் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. படம் போட்ட அட்டையை நான் கோப்பில் வைத்தபோது, அதுவரை மூலையில் பையை மடியில் வைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்த மனைவி, "அந்தத் துணியெல்லாம் நான்தானே உதறினேன்" என்றார். 1966-இல் கல்யாணம். வெள்ளிக்கிழமை அவர் ஓவராலோடு வீட்டுக்கு வருவார். அதைக் கொல்லை முற்றத்தில் நன்றாக உதறி, பிறகு ஸ்டீமீக்கு எடுத்துப் போவாராம். ஸ்டீமீ என்பது கிளாஸ்கோவில் அக்காலத்து ஊர்ப் பொதுத் துவைப்பிடம். வாரத்துக்கொருமுறை பெண்களெல்லாம் கூடி வம்பு பேசும் இடமும் அதுதான். 1965-ஆம் ஆண்டு லண்டன் ஆய்வில், தொழிற்சாலைப் பக்கமே போகாத, கணவனின் துணி துவைத்த பெண்களும் இருந்தார்கள்.

மருத்துவமனைக் கடிதத்தின் நகல் நோயாளிக்கும் போகும். ஒரு வாரம் கழித்து அவர் என் செயலாளருக்கு போன் செய்தார். நோயைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. நான் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறதாம்: அவர் முதலில் வேலை பார்த்த, ஏர் (Ayr) என்ற ஊருக்குப் போகும் பாதையின் வண்டிகள், இங்கிலாந்தின் டெர்பி பட்டறையில் செய்தவை அல்ல, ஸ்விண்டன் பட்டறையில் செய்தவை. வக்கீல் பார்ப்பார், அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்றார்.

திருத்தி அனுப்பினேன். கூடவே, மனைவியின் சம்மதத்தோடு அவருடைய குடும்ப மருத்துவருக்கும் ஒரு கடிதம்: "இவர் 1966 முதல் பதினான்கு ஆண்டுகள் நீல ஆஸ்பெஸ்டாஸ் படிந்த வேலையுடைகளைக் கையால் உதறித் துவைத்தவர். மூச்சுத் திணறல் என்று வந்தால் இதை நினைவில் கொள்ளவும்."