ஐடென்டிட்டி தெஃப்ட்: திருட்டா, களவா, ஆள்மாறாட்டமா?

வத்தளை மாமிக்கு போன மாசம் ஒரு கோல். பாங்க்ல இருந்து கதைக்கிறம் எண்டு ஒரு பெடியன், நல்ல தமிழ்ல, மாமின்ர முழுப்பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், விலாசம் எல்லாம் ஒரு பிழையில்லாம வாசிச்சுக் காட்டிப்போட்டு, "இப்ப போனுக்கு ஒரு நம்பர் வரும் அன்ரி, அதை மட்டும் சொல்லுங்கோ" எண்டிருக்கிறான். மாமி சொல்லிப்போட்டா. 48,000 ரூபா போட்டுது. ஏன் மாமி சொன்னனீங்க எண்டு கேட்டா, "தம்பி, அவன் என்ர ஐசி நம்பரைச் சரியாச் சொன்னவன், பாங்க்காரரை விட்டா அது வேற ஆருக்குத் தெரியும்?" எண்டுறா. அண்டைக்கு நான் ஏசினனான். பிறகு யோசிச்சுப் பாத்தா மாமி புதுசா ஒரு பிழையும் விடேல்ல, ஆளை அடையாளம் காணுற பழைய முறையை அப்பிடியே செய்திருக்கிறா.

இதைத்தான் இங்கிலிசுல ஐடென்டிட்டி தெஃப்ட் எண்டுறது. தமிழ் பேப்பர்ல அடையாளத் திருட்டு எண்டு போடுவினம். சொல்லுக்குச் சொல் மாத்தினது அப்பிடியே தெரியுது, சரி, பொருள் சேருதா எண்டு பாப்பம்.

லத்தீன்ல 'இதெம்' எண்டா 'அதே'. அதில இருந்து 'இதென்டிட்டாஸ்', அதேயா இருக்கிற தன்மை, அதுதான் இங்கிலிசுக்கு வந்து ஐடென்டிட்டி ஆனது. அண்டைக்கு எக்கவுண்ட் திறந்த ஆளும் இண்டைக்குக் காசெடுக்க வந்து நிக்கிற ஆளும் அதே ஆள்தானா எண்ட கேள்விதான் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு. எங்கட அடையாளம் வேற மாதிரி. அடையாளம் எண்டா குறி, சின்னம். மாட்டுக்குச் சுடுற குறியும் அடையாளம், நெத்தியில இருக்கிற தழும்பும் அடையாளம். அது ஆள் இல்ல, ஆளைக் காட்டிக் குடுக்கிற ஒண்டு. இந்த விஷயத்தில தமிழ்ச் சொல்தான் கெட்டிக்காரச் சொல் எண்டு நான் சொல்லுவன், ஏனெண்டா ஆரும் உங்களைக் களவெடுக்கேல்ல, உங்களைக் காட்டுற குறியைத்தான் கொப்பி அடிக்கினம்.

கொழும்புல எங்கட வாயில அடையாள அட்டை எண்டா 'ஐடென்டி'. செக்பொயிண்ட் காலத்தில ஐடென்டியை வீட்டில மறந்து விட்டுட்டு பாண் வாங்கப் போன ஆக்களுக்குத் தெரியும் அந்தச் சொல்லின்ர கனம், பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடந்தா இன்னும் கொஞ்சம் கதை நீளும். அப்ப இருந்த பயம் அட்டை துலைஞ்சிடும் எண்டு. இப்ப அட்டை பேர்சுக்குள்ள பத்திரமாக் கிடக்கேக்கயே காரியம் நடந்து முடியுது.

'அடையாளம்' எண்ட சொல்லுக்கு எனக்குப் பிடிச்ச இடம் பெரியாழ்வார் பாசுரம். அசோகவனத்தில அனுமன் சீதைக்கு முன்னால நிக்கிறான். அவ நம்புவாவா? ராவணனே சந்நியாசி வேஷத்தில வந்துதானே கொண்டு போனவன், ஏற்கெனவே சூடு பட்டவ. அதால அனுமன் எடுத்தவுடன மோதிரத்தை நீட்டேல்ல. ஒவ்வொண்டாச் சொல்லுறான், ஒவ்வொண்டையும் "ஓர் அடையாளம்" எண்டு முடிக்கிறான். குகனோட சிநேகிதம் பிடிச்சது ஓர் அடையாளம். இது ஊருக்கே தெரிஞ்ச கதை, ஒற்றனுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா இடையில ஒண்டு சொல்லுறான், இரவு நேரம் தனிய இருக்கேக்க நீங்கள் அவரை மல்லிகை மாலையால கட்டினது ஓர் அடையாளம் எண்டு. அது ரெண்டு பேருக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயம். எல்லாம் சொல்லி முடிச்சு கடைசியாத்தான் மோதிரம். தெரிஞ்ச ஒண்டு, கையில இருக்கிற ஒண்டு, ரெண்டையும் காட்டு எண்டு இண்டைக்கு பாங்க் அப்பில கேக்கிறாங்களே, அதேதான், ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு.

இப்ப அந்த மல்லிகை மாலைக் கதை இலங்காபுரி முழுக்கத் தெரிஞ்சு போச்செண்டு வையுங்கோ. அனுமன் சொன்னாலும் ஒண்டுதான், ராவணன்ர ஆள் சொன்னாலும் ஒண்டுதான். டேட்டா பிரீச், அதாவது ஒரு இடத்தில சேத்து வச்ச சனத்தின்ர விவரம் மொத்தமா வெளிய போறது, பெரிசா ஒண்டு நடந்தா ஆகிறது இதுதான். ரகசியம் எண்டதால அடையாளமா இருந்த ஒண்டு, பிறகு வெறும் செய்தி.

எங்கட ஐசி நம்பரையே பாருங்கோவன், அது முதல்ல இருந்தே ரகசியம் இல்ல. பழைய நம்பரில முதல் 2 இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த 3 இலக்கம் அந்த வருஷத்தில எத்தினையாவது நாள், பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 85561 எண்டு தொடங்கினா 1985இல் பிறந்த பொம்பிளை, 61ஆவது நாள், பெப்ரவரியை எப்பவும் 29 நாளாத்தான் கணக்கெடுக்கிறது, ஆகவே மார்ச் 1. புது 12 இலக்க நம்பரிலயும் வருஷம் 4 இலக்கமானதைத் தவிர இதே கணக்குத்தான். நம்பர் கிடைச்சவனுக்கு பிறந்த திகதி ஓசி. பிறகு கோல் சென்டர்ல "உறுதிப்படுத்த உங்கட ஐசி நம்பரும் பிறந்த திகதியும் சொல்லுங்கோ" எண்டு ரெண்டு கேள்வி மாதிரிக் கேப்பினம், எனக்குச் சிரிப்பு வரும். பாஸ்வேர்ட் போனா மாத்தலாம், பிறந்த திகதியை என்னெண்டு மாத்துறது, அம்மாட்டப் போய்த் திரும்பக் கேக்கிறதே?

அமெரிக்காவில 2017இல் எக்விஃபேக்ஸ் எண்ட கம்பனியில நடந்தது இதின்ர பெரிய உதாரணம். ஆர் எவ்வளவு கடன்பட்டவை எண்டு கணக்கு வச்சிருக்கிற கம்பனி அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் எண்ட மென்பொருள்ல ஓட்டை இருக்கு, அடையுங்கோ எண்டு மார்ச்லயே திருத்தம் வந்திட்டுது, இவை போடேல்ல, மே மாசம் உள்ள பூந்தவங்கள் ஜூலை வரைக்கும் ஆறுதலா இருந்து அள்ளினவங்கள், சனத்துக்குச் சொன்னது செப்டம்பர்ல. கிட்டத்தட்ட 14 கோடி 70 லட்சம் பேற்ற பேர், பிறந்த திகதி, சோஷல் செக்யூரிட்டி நம்பர் (அங்க அரசாங்கம் ஆளுக்கொண்டாக் குடுக்கிற நம்பர்). பகிடி என்னெண்டா அந்த நம்பர் அட்டையில ஒரு காலத்தில "அடையாளத்துக்கு அல்ல" எண்டு அச்சடிச்சே இருந்தது, 1972இல் அதை எடுத்துப்போட்டினம்.

பிரீச்சுக்கு தமிழ் என்ன? தரவு மீறல் எண்டு எழுதுறதைப் பாத்தா எனக்குப் பல்லுக் கூசும், மீறுறது சட்டத்தையும் சொல்லையும், தரவை என்னெண்டு மீறுறது. தரவுக் கசிவு பரவாயில்ல, ஆனா கசிவு எண்டா பைப்படியில சொட்டுச் சொட்டாப் போற மாதிரி. கட்டு உடைஞ்சு பாயிறதுக்கு எங்கட வன்னிச் சனம் சொல்லுற சொல் இருக்கு, உடைப்பு. குளம் உடைப்பெடுத்திட்டுது எண்டுவினம். 1986இல் கந்தளாய்க் குளம் உடைஞ்சதை ஆரும் கசிவு எண்டு சொல்லேல்ல. 14 கோடி பேற்ற விவரம் போனா அதுவும் உடைப்புத்தான்.

தரவு எண்டது நல்லா அமைஞ்ச சொல். தா, தரு, தரவு. லத்தீன் 'தாத்தும்' எண்டாலும் 'தரப்பட்டது' எண்டுதான் அர்த்தம். ரெண்டு பாஷையும் ஒரே இடத்தில வந்து நிக்குது. தந்தது ஆர்? நாங்கள்தான். சிம் எடுக்க ஒரு போட்டோகொப்பி, லீசிங்குக்கு ஒண்டு, பிள்ளையை கிளாசுக்கு விட ஒண்டு, வாடகை வீட்டுக்கு ஒண்டு. வெள்ளவத்தையில ஒரு கடையில உழுந்து வடை வாங்கினன், பாதி திண்டாப் பிறகுதான் பேப்பர் பேக்கைப் பாத்தன், ஒருத்தற்ர கடன் விண்ணப்பம், எண்ணெய் ஊறி இன்னும் தெளிவாத் தெரியுது, பேர், ஐசி நம்பர், சம்பளம், கையெழுத்து. பிணையாள் ரெண்டு பேற்ற விவரமும். கிழிச்சுத்தான் போட்டன். ஹேக்கர் வேணுமே இதுக்கு? தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க எண்டு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தவை, வடைக்கடைக்கு அது எப்ப வந்து சேருமோ.

இனி தெஃப்ட். நாங்கள் இங்க கதைக்கேக்க திருட்டு எண்டு சொல்லுறது குறைவு, களவுதான். மோட்டச்சைக்கிள் களவு போட்டுது எண்டா சைக்கிள் இல்ல. ஐசி துலைஞ்சா பொலிசுக்குப் போய் என்ட்ரி போடலாம், அட்டை கையில இல்ல. ஆனா இதில ஒண்டும் போகேல்ல, அட்டையும் இருக்கு, பேரும் இருக்கு, நீங்களும் இருக்கிறீங்க. என்னத்தைக் களவு குடுத்தனீங்க எண்டு பொலிஸ் கேட்டா என்ன சொல்லுறது? ஏமாந்தது கடன் குடுத்த கம்பனி, அலையிறது பேருக்குச் சொந்தக்காரன். அமெரிக்காவிலயே 1998இல் இதுக்கெண்டு தனிச் சட்டம் வந்தாப் பிறகுதான் பேர்க்காரனும் பாதிக்கப்பட்ட ஆள் எண்டு சட்டத்தில ஏறினது.

எங்கட பழைய சொல் ஆள்மாறாட்டம். கௌதமர் உருவத்தில இந்திரன் வந்தது அது, சோதினை ஹோலுக்கு வேற ஆளை அனுப்புறது அது, நொத்தாரிசுக்கு முன்னால வேற ஆளை நிப்பாட்டி கள்ள உறுதி முடிக்கிறது அது. இலங்கையின்ர 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலயே ஆள்மாறாட்டம் செய்து ஏமாத்துறது குற்றமா இருக்கு, அதிலயும் நடிக்கப்படுற ஆள் உண்மையான ஆளா இருந்தாலும் கற்பனை ஆளா இருந்தாலும் குற்றம்தான் எண்டு விளக்கம் வேற. ஒருத்தற்ர நம்பர், இன்னொருத்தற்ர பேர், மூண்டாமவற்ற விலாசம் எண்டு தைச்சு இல்லாத ஆளை உருவாக்குற இண்டைக்கத்தய வேலைக்கும் அந்தச் சட்டை அளவாத்தான் இருக்கு.

அப்ப ஆள்மாறாட்டம் போதுமே? எனக்கு ஒரு சின்ன இடறல். மாறாட்டத்துக்கு ஒரு ஆள் முன்னால வந்து நிக்க வேணும். இங்க ஒருத்தரும் வாறதில்ல, நம்பர் மட்டும் போகுது. உங்கட நம்பருக்கு வேற சிம் எடுத்து ஓடிபியை (மாமிக்கு வந்த மாதிரி பாங்க் அனுப்புற ஒருமுறை நம்பரை) தங்கட போனுக்குத் திருப்புவினம், இல்லாட்டி உங்கட பேர்ல ஒன்லைன் கடன் எடுப்பினம், நீங்கள் வருஷம் கழிச்சு ஹவுசிங் லோனுக்குப் போய் இருக்கேக்கதான் ஒபிசர் கம்பியூட்டரைப் பாத்து "கிரிப்ல பேர் இருக்கே" எண்டுவார். கிரிப் எண்டா ஆர் எவ்வளவு கடன்பட்டவை எண்டு இங்க கணக்கு வச்சிருக்கிற கடன் தகவல் பணியகம். கட்டாத கடன் ஒண்டு உங்களுக்குத் தெரியாமலே வளந்திருக்கும். (கிரிப் ரிப்போர்ட்டை நீங்களே கேட்டு எடுக்கலாம், வருஷத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.)

அதால நான் அடையாளக் களவு எண்டு எழுதுறன். சும்மா ஊர்ப்பற்று இல்ல. களவு எண்ட சொல்லுக்குப் பொருளை எடுக்கிறது மட்டும் அர்த்தமில்ல, ஒளிச்சுச் செய்யிறதும் களவு. சங்கப் பாட்டில களவு எண்டா ஊருக்குத் தெரியாத காதல், அங்க ஆரும் ஆரின்ர நகையையும் தூக்கேல்ல. உங்களுக்குத் தெரியாம உங்கட குறியை வச்சு நடக்கிற காரியத்துக்கு திருட்டை விட களவு பொருந்தும். கோட்டில வழக்கு எண்டா ஆள்மாறாட்டம் எண்டே எழுதுங்கோ.

மாமி இப்ப தேறிட்டா. ஆர் கோல் எடுத்து பாங்க் எண்டாலும், "அப்பிடியோ, என்ர நாய்க்கு என்ன பேர் எண்டு சொல்லும் பாப்பம்" எண்டு கேக்கிறா. போன கிழமை உண்மையாவே பாங்க்ல இருந்து ஒரு பிள்ளை எடுத்திருக்கு, பாவம், ரெண்டு நிமிஷம் யோசிச்சுப்போட்டு வச்சிட்டுதாம்.