தாடை எலும்புக்குள் புற்றுநோய் எப்படி முளைக்கிறது?

வாய்ப் புற்றுநோய் என்றதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும்தான் நினைவுக்கு வரும். அரிதாக, வாயில் ஒரு புண்கூட இல்லாமல் அது தாடை எலும்புக்குள்ளேயே தொடங்குவதும் உண்டு. இது வியப்பான விஷயம். இந்த வகைப் புற்றுநோய் எபிதீலியம் எனப்படும் மேல்படலச் செல்களில்தான் உருவாகும்; மற்ற எலும்புகளுக்குள் பொதுவாக அந்தச் செல்களே கிடையாது. தாடையில் மட்டும் இருப்பதற்குக் காரணம், பற்கள்.

கருவில் வாயின் மேல்படலம் தாடைக்குள் இறங்கித்தான் பல்லை உருவாக்கத் தொடங்குகிறது. வேலை முடிந்த பிறகும் அந்தச் செல்களில் சில, பல்வேரைச் சுற்றிச் சிறு கூட்டங்களாகத் தங்கிவிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த பிரெஞ்சு ஆய்வாளர் மலாஸேயின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையும் தராது.

சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்ளே இருக்கும் கூழ் செத்துவிட்டால் கதை மாறுகிறது. வேர் நுனியில் அழற்சி உண்டாகி, அதன் வேதிச் சமிக்ஞைகளால் சும்மா கிடந்த செல்கள் பெருகுகின்றன. நடுவே குழி விழுந்து, மேல்படலமே சுவராக அமைந்த ஒரு நீர்ப்பை உருவாகிறது. செத்த செல்களின் சிதைவுகள் சேரச் சேர உள்ளிருக்கும் திரவம் அடர்த்தியாகிச் சுற்றிலும் உள்ள நீரை இழுக்கிறது. பை வீங்க, எலும்பு கரைந்து வழிவிடுகிறது. முளைக்காமல் புதைந்த பல்லைச் சுற்றியும் இப்படிப்பட்ட நீர்க்கட்டிகள் வரும்.

இவற்றில் மிக மிகச் சிலவே புற்றாகின்றன. பல ஆண்டுகள் நீடிக்கும் அழற்சிமீதுதான் முதல் சந்தேகம்: செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகும்போது டிஎன்ஏ பிழைகள் சேர்கின்றன. அப்புறம் சுவர்ச் செல்கள் ஒழுங்கு குலைந்து, தங்களுக்கு அடியில் உள்ள மெல்லிய அடிப்படலத்தைத் துளைத்து எலும்புக்குள் பாய்கின்றன. கீழ்த்தாடையில்தான் இது அதிகம்.

எக்ஸ்-ரேயில் இது சாதாரண நீர்க்கட்டி போலவே தெரியலாம் என்பதுதான் பெரிய சிக்கல். படத்தில் கட்டியின் ஓரம் அரித்ததுபோல் இருப்பது, கீழ் உதடு மரத்துப்போவது, பல் பிடுங்கிய இடம் ஆறாமலே இருப்பது ஆகியவை எச்சரிக்கைகள். இவை எதுவுமே இல்லாமல், அறுவை முடிந்து பையை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் பலருக்கு நோய் தெரியவந்திருக்கிறது. அதனால், எடுத்த கட்டி எவ்வளவு சிறியதானாலும் அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். உங்களுக்கு அப்படி ஒரு கட்டியை எடுத்திருந்தால், முடிவு என்ன வந்தது என்று பல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

புற்று என்று உறுதியானால், வேறு உறுப்பிலிருந்து பரவியதா என்று முதலில் பார்ப்பார்கள். இல்லையென்றால் தாடையின் அந்தப் பகுதியை அகற்றுவதே முக்கியச் சிகிச்சை. சிலருக்குக் கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, கதிர்வீச்சும் கொடுக்க வேண்டியிருக்கும்.