உம் கொட்டுவதும் ஒரு வேலைதான்

விளக்கை அணைத்த பின் பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளை உம் கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளின் எழுதாத விதி. உம் நின்றால் "தூங்கிட்டியா?" என்ற கேள்வி வரும், அதற்கும் பதில் இல்லையென்றால் கதை அங்கேயே நின்றுவிடும். தொலைபேசியில் மறுமுனை சற்று அமைதியானாலே "ஹலோ, கேக்குதா?" என்று நாம் பதறுவதும் இதனால்தான்.

கேட்பவரின் இந்தப் பங்கைச் சோதனையில் காட்டியவர் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக உளவியலாளர் ஜேனட் பவேலஸ். அவரும் சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆபத்திலிருந்து நூலிழையில் தப்பிய தம் அனுபவத்தை ஒருவர் முன்பின் அறியாத இன்னொருவரிடம் சொன்னார். கேட்பவர்களில் சிலரை மட்டும், சொல்பவருக்குத் தெரியாமல், 'டி' (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணும்படி பணித்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டார்கள். கதை மட்டும் அவர்களுக்குள் போகவில்லை.

அத்தகையவரிடம் பேசியவர்களின் கதை, குறிப்பாக உச்சகட்டத்தில், தடுமாறியது. சட்டென்று முடித்துவிடுவது, முடிவையே சுற்றிச் சுற்றிச் சொல்வது, அது ஏன் ஆபத்து என்று தேவையில்லாமல் விளக்குவது எனக் குறைகள் தெரிந்தன. கதை சொல்லும் திறமை சொல்பவருக்கே உரியது என்று நம்பியிருந்த எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது.

கேட்பவரின் எதிர்வினைகளை அந்த ஆய்வு இருவகையாகப் பிரிக்கிறது. 'உம்' என்பதும் தலையசைப்பும் எந்தக் கதைக்கும் பொருந்தும். 'ஐயையோ!' என்று முகம் சுளிப்பதோ அந்தக் கணத்துக்கு மட்டுமே பொருந்தும். எண்ணிக்கையில் மூழ்கியவர்களிடம் ஏறக்குறைய மறைந்துபோனது இந்த இரண்டாம் வகையே. கைபேசியைப் பார்த்தபடி நாம் சொல்லும் 'உம்' எதிரிலிருப்பவருக்குப் போதாமல் போவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

எப்போது எதிர்வினை தருவது என்பதைப் பெரும்பாலும் கண்கள் தீர்மானிக்கின்றன. சொல்பவர் அவ்வப்போது கேட்பவரை நேராகப் பார்க்கிறார். அந்தச் சிறு இடைவெளியில் ஓர் 'உம்' விழுந்ததும் பார்வையை விலக்கிக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார் என்று அதே குழுவினர் 2002-இல் காட்டினார்கள். பாட்டி கதை சொல்லும் இருட்டில் பார்வைக்கு வேலையில்லை. அங்கே அந்தப் பொறுப்பை வினைச்சொல்லின் கடைசி எழுத்து ஏற்கிறது: "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சா..." என்று அந்த 'ஆ'வைச் சற்றே இழுத்து நிறுத்துகிறார், உம் வந்த பிறகே நரி காட்டுக்குப் போகிறது.