ஐடெம்போட்டன்ட்: தமிழில் ஒருவிளைவு

ஒரு செயலை ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் முடிவு ஒன்றாகவே இருந்தால் அது 'ஐடெம்போட்டன்ட்'. சொல் பிறந்த இடம் கணிதம். அமெரிக்கக் கணிதர் பெஞ்சமின் பியர்ஸ் 1870இல் ஆக்கியது. லத்தீனில் 'ஐடெம்' என்றால் 'அதே'. 'போட்டென்ஸ்' என்றால் 'ஆற்றல் உடையது'. எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் மாறாமல் அதுவாகவே நிற்கும் உறுப்புக்கு அவர் வைத்த பெயர் அது. எண்களில் 0, 1 இரண்டும் அப்படித்தான். கணிதத் தமிழில் 'தன்னடுக்கு' என்று எழுதுவதுண்டு. கணிதத்துக்கு அருமையான சொல். ஆனால் செயலியோ உலாவியோ சர்வருக்கு, அதாவது தரவை வைத்திருக்கும் மறுமுனைக் கணினிக்கு, அனுப்பும் இணையக் கோரிக்கையில் அடுக்கு ஏது? அங்கே கேள்வியே வேறு: பதில் வரவில்லை, மறுபடி அனுப்பலாமா?

சுங்கை சிப்புட்டில் என்னிடம் கணினி கற்க வரும் பிள்ளைகள் "போஸ்ட், புட் ரெண்டுமே அனுப்புறதுதானே சார்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. போஸ்ட், புட் இரண்டும் இணையக் கோரிக்கையின் வகைகள். தாத்தா பாட்டி காலத்து ரப்பர் தோட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் 'வந்தார்' என்று குறிக்கிறார். அதே கட்டத்தில் இன்னொரு முறை குறித்தாலும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் வருகைதான். பால் நிறுக்கும்போது 20 கிலோவை இரண்டு வரியாக எழுதிவிட்டால் கணக்கு 40 ஆகிவிடும். முதலாவது புட், இரண்டாவது போஸ்ட். 'இந்த இடத்தில் இது இருக்கட்டும்' என்பது புட். 'இதைப் புதிதாகச் சேர்த்துக்கொள்' என்பது பெரும்பாலும் போஸ்ட்டின் வேலை.

கெட், ஹெட் என்ற கோரிக்கை வகைகள் இரண்டும் பார்ப்பதற்கு மட்டுமே. எதையும் மாற்றக் கூடாது. அவற்றைப் 'பாதுகாப்பானவை' என்பார்கள். பாதுகாப்பானவை எல்லாம் ஐடெம்போட்டன்ட்தான், மறுதலை உண்மையல்ல. அழிக்கச் சொல்லும் டிலீட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் முறை அழிந்தது, இரண்டாம் முறை 'அது இங்கே இல்லை' என்ற 404 பதில் வந்தது. பதில் மாறிவிட்டதே, அப்புறம் எப்படி? பதிலைப் பார்க்காதீர்கள், சர்வரில் என்ன மிச்சம் என்று பாருங்கள். இரண்டு முறையும் அந்தப் பொருள் அங்கே இல்லை. அவ்வளவுதான். ஒரு பகுதியை மட்டும் மாற்ற 2010இல் வரையறுக்கப்பட்ட பேட்ச்சுக்கு இந்த உறுதி கிடையாது: 'விலையை 5 வெள்ளி ஆக்கு' என்றால் மறுபடி அனுப்பலாம், 'விலையில் 5 வெள்ளி கூட்டு' என்றால் கூடாது.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல. செம்பனைக் காட்டுப் பக்கம் போனால் லைன் விட்டு விட்டு வரும். கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா, கோரிக்கையே போகவில்லையா என்று கைப்பேசிக்குத் தெரியாது. இணையக் கோரிக்கைகளுக்கான விதிமுறை எச்டிடிபி; அதன் 2022ஆம் ஆண்டு வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 9110 இதற்கு விடை வைத்திருக்கிறது: கோரிக்கை ஐடெம்போட்டன்ட் என்றால் செயலி தானாகவே மறுபடி அனுப்பலாம், இல்லையென்றால், மறுபடி அனுப்புவதால் கெடுதல் இல்லை என்று தெரிய வழியிருந்தால் ஒழிய, தானாக அனுப்பக் கூடாது. படிவத்தை அனுப்பியபின் பக்கத்தைப் புதுப்பித்தால் உலாவி 'மறுபடி அனுப்பவா?' என்று நின்று கேட்பது போஸ்ட் என்பதால்தான்.

தமிழில் இதை 'ஒருவிளைவு' என்று எழுதுகிறேன். 'மாறாமை' என்று சொன்னால் தரவே மாறாது என்ற வேறு பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'புட் ஒருவிளைவுக் கோரிக்கை' என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

போஸ்ட்டையும் ஒருவிளைவாக்க வழி உண்டு. பணம் கட்டும் செயலிகள் ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாள எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். லைன் அறுந்து அதே எண் மறுபடி வந்தால், சர்வர் பணத்தைத் தொடாமல் முன்பு கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும்.