மெய்நிகராக்கம்: ‘மாயம்’ ஏன் கூடாது?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு கொட்டேஷனை என்னிடம் நீட்டினார். தமிழில் அச்சடித்திருந்தார்கள், அதில் மகிழ்ச்சிதான். மூன்றாவது வரியில் ‘மாயக் கணினிகள் – 3’ என்று இருந்தது. ஒரே கணினிக்குள் மென்பொருளால் அமைக்கும் தனித்தனிக் கணினிகளை ஆங்கிலத்தில் ‘விர்ச்சுவல் மெஷின்’ என்பார்கள், அதைத்தான் இப்படித் தமிழாக்கியிருந்தார்கள். “ஏனுங்ண்ணா, இத்தன காசு குடுத்து மாயத்தயா வாங்கோணும்?” என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தேவையான ஒன்றை ஒரே ஒரு தவறான சொல் தள்ளிப்போட வைத்திருந்தது. இந்த ‘மாய’த்தைக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலச்சொல். ‘விர்ச்சுவல்’ என்பதன் வேர் லத்தீன் ‘விர்டுஸ்’. வலிமை, ஆற்றல், மேன்மை என்று பொருள். அதிலிருந்து ‘ஆற்றலுடைய’ என்றாகி, பிறகு ஆங்கிலத்தில் ‘பெயரளவில் அதுவாக இல்லாவிட்டாலும் பயனளவில் அதுவே’ என்ற பொருளுக்கு வந்தது. இந்தப் பாதையில் எங்கும் ஏமாற்று இல்லை, பொய்த்தோற்றம் இல்லை.

கணினித் துறை எடுத்துக்கொண்டதும் இந்தப் பொருளைத்தான். 1960களில் ஐபிஎம் ஒரே பெருங்கணினியைப் பல பேருக்குத் தனித்தனிக் கணினிபோலப் பகிர்ந்து கொடுக்கும் முறையை உருவாக்கியது. 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் வெளிவந்தது. 1974இல் கணினி அறிவியலாளர்கள் போப்பெக், கோல்டுபெர்க் இருவரும் எழுதிய கட்டுரை விர்ச்சுவல் மெஷினை உண்மைக் கணினியின் திறன்மிக்க, தனித்து நிற்கும் நேர்படி என்று வரையறுத்தது. நேர்படி என்றால் நிகர். ‘மெய்நிகர்’ என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. மெய் என்பதற்கு உண்மை, உடல் என இரு பொருள் உண்டு. தனக்கென்று இரும்பு உடல் இல்லாமல், உடலுள்ள கணினிக்கு நிகராக வேலை செய்வது மெய்நிகர் கணினி. ஒரு கணினியை அப்படிப் பகுத்துத் தருவது மெய்நிகராக்கம்.

சரி, ‘மாயம்’ எங்கிருந்து வந்தது? பள்ளி இயற்பியலிலிருந்து. மெய் பிம்பம், மாய பிம்பம் என்று படித்தோமே, அங்கிருந்துதான். ஒளியியலில் அந்தச் சொல் பொருந்தும். சமதளக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது. ஒளிக்கதிர்கள் அங்கே சந்திப்பதில்லை, சந்திப்பதுபோலத் தெரிகிறது, அவ்வளவே. ஆனால் மெய்நிகர் கணினிக்குத் தனி ஐபி முகவரி உண்டு, தனிக் கடவுச்சொல் உண்டு. வைரஸ் வந்தால் அதற்கும் காய்ச்சல்தான். விண்டோஸ் போட்டால் உரிமத்துக்குக் காசும் கட்ட வேண்டும். காசு கட்ட வேண்டிய ஒன்றை மாயம் என்று எப்படிச் சொல்வது?

தமிழில் மாயம் என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வள்ளுவர் ‘மாய மகளிர்’ என்றது வஞ்சிக்கும் மகளிரை. இன்றைய செய்தித்தாளில் ‘மீனவர் மாயம்’, ‘நகை மாயம்’. வஞ்சனை, காணாமல் போவது இரண்டும்தான் சாதாரண வாசகரின் மனதில் நிற்கும். கணக்குப் புத்தகம் முழுவதையும் ஒப்படைக்கப்போகும் பெட்டிக்கு இந்தப் பெயரா? சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகுக்கு முதற்காரணம், ஆகவே தவறில்லை என்று ஒரு நண்பர் வாதிட்டார். சித்தாந்தத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் ஜவுளிக்கடைக்காரர் கொட்டேஷனைப் படிக்கும்போது அவர் நினைவுக்கு வருவது சித்தாந்தம் இல்லை, காலையில் படித்த செய்தித்தாள். ‘கற்பனைக் கணினி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. மெய்நிகரை ஏற்றுக்கொண்டவர்களும் அதை நிம்மதியாக விடவில்லை. 2020 கொரோனா காலத்தில் இணையவழி வகுப்பெல்லாம் ‘மெய்நிகர் வகுப்பு’ ஆனது. ஆசிரியரும் நிஜம், மாணவரும் நிஜம், பாடமும் நிஜம். நடுவில் இணையம் இருந்தது, அதனால் இணையவழி வகுப்பு. ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’யை ‘மெய்நிகர் உண்மை’ என்றும் எழுதுகிறார்கள். மெய் என்றாலே உண்மைதானே?

நண்பர் கதைக்கு வருகிறேன். அவர் கடையில் மூன்று பழைய கணினிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. ஒன்றில் கணக்கு மென்பொருள், ஒன்றில் கோப்புகள், மூன்றாவதில் விண்டோஸ் 7இல் மட்டுமே ஓடும் வருகைப்பதிவு மென்பொருள். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கணினியின் மதர்போர்டு போனால் மாற்று கிடைப்பதே கடினம். மூன்றையும் ஒரு நல்ல சர்வருக்குள் மெய்நிகர் கணினிகளாக வைத்துவிட்டால் மின்சாரமும் யூபிஎஸ் பாரமும் குறையும். பழைய விண்டோஸை இணையம் தொடாமல் தனியே அடைத்து வைக்கலாம். ஒரு முழுக் கணினியே சில கோப்புகளாகி விடுவதால், அப்படியே நகலெடுத்து வேறு சர்வரில் எழுப்பவும் முடியும். கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் கணினி இருக்கும் நிலையின் பதிவு, எடுத்துக்கொண்டால், கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் அதே வட்டில்தான் கிடக்கும். வட்டு போனால் அதுவும் போகும், அதைக் காப்புநகல் என்று நம்பக்கூடாது. லினக்ஸில் 2007 முதலே உள்ள கேவிஎம், அதன்மேல் இயங்கும் பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மெய்நிகராக்க மென்பொருள்களை உரிமக் கட்டணம் இல்லாமலே பயன்படுத்தலாம். அப்புறம், மெய்நிகர் கணினிகளை உருவாக்கி இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கு நல்ல தமிழ்ச்சொல் அமையும்வரை அப்படியே எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

கொட்டேஷனில் ‘மாயக் கணினிகள்’ என்பதை அடித்துவிட்டு ‘மெய்நிகர் கணினிகள் – 3, ஒரே சர்வருக்குள்’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். அடுத்த கேள்வி உடனே வந்தது: “அப்பிடின்னா அந்த ஒரு பொட்டி படுத்துட்டா மூணுமே நின்னுபோயிருமுங்களே?”

ஆமாம், நின்றுவிடும். அதனால் இரவுதோறும் காப்புநகல் போய்ச்சேர இன்னொரு சிறிய பெட்டியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.