பின் நம்பர் வேறு, அந்த 48 இலக்கம் வேறு

மதர்போர்டு செத்துப்போன லேப்டாப் ஒன்று சர்வீஸ் மேசைக்கு வருகிறது. உள்ளே ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு லேப்டாப்பில் செருகினால், பூட்டுப் படத்தோடு ஒரு டிரைவ் தெரிகிறது. ரெகவரி கீ கேட்கிறது. வந்தவர் சொல்வது எப்போதும் ஒரே வசனம்தான்: "நான் பிட்லாக்கரெல்லாம் போடவே இல்ல சார். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அடிச்சுப் பாருங்க."

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் சொல்லும் பாஸ்வேர்டு அதில் செல்லாது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

தினமும் நீங்கள் அடிக்கும் பின் நம்பர் அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் உரியது. டிஸ்க்கைத் திறக்கும் சாவியை வைத்திருப்பது டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி. அது இருப்பது மதர்போர்டில், இல்லையென்றால் பிராசஸருக்குள். போர்டு போனால் அதுவும் போச்சு. அப்புறம் டிஸ்க் ஏற்றுக்கொள்வது ரெகவரி கீயை மட்டும்தான்: ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம், மொத்தம் 48. (ஒவ்வொரு கட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும். போனில் ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதியதில் தப்பு இருந்தால் எந்தக் கட்டம் என்று இதை வைத்தே பிடித்துவிடலாம்.) நாலு இலக்கப் பின்னும் இல்லை, ஜிமெயில் பாஸ்வேர்டும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை. கீ இல்லையென்றால் எந்த ஊர் டேட்டா ரெகவரிக் கடைக்குக் கொண்டுபோனாலும் திறக்காது. "சாஃப்ட்வேர் இருக்கு, எடுத்துத் தர்றோம்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் போடவில்லை என்பது உண்மைதான். போட்டது விண்டோஸ். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து முதன்முதலாக நுழையும்போதே டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) ஆன் ஆகி, கீயும் அதே கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஹோம் எடிஷனுக்கும் இதுவேதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இதற்கான ஹார்டுவேர் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டதால், இனி வரும் லேப்டாப்புகளில் இது இன்னும் சகஜம்.

சரி, கீ எந்தக் கணக்கில்? இங்கேதான் பலருக்கும் முழி பிதுங்குகிறது. வாங்கிய அன்று கடைப் பையன் "செட்டப் முடிச்சுத் தர்றேன்" என்று அவசரத்துக்கு ஒரு மெயில் ஐடி உருவாக்கியிருப்பான். அதன் பாஸ்வேர்டு அவனுக்கும் நினைவில்லை, உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடைக்காரர்களே, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கில் போடுங்கள், இல்லாவிட்டால் ஐடியைப் பில்லிலாவது எழுதிக் கொடுங்கள்.

லேப்டாப் உயிரோடு இருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன். ஆனில் இருந்தால், போனில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் டிவைசஸ் பக்கத்தில் கீயை எடுத்துத் தாளில் எழுதி, ஆர்சி புக், பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். பழைய லேப்டாப்புகளின் கீயும் அதே பக்கத்தில் கிடக்கும். பூட்டுத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள்.

கீ கையில் இருந்தால் மிச்சமெல்லாம் சுலபம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும். எம்.2 எனும் சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டியில் என்விஎம்இ, சாட்டா என இரண்டு சாதி உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் ஏற்கும் கேஸாகக் கேட்டு வாங்குங்கள், ஒன்றுக்கு வாங்கியதில் மற்றது வேலை செய்யாது. எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக்கில் ஸ்டோரேஜ் போர்டோடு சால்டர் ஆகியிருக்கும். கழற்றும் பேச்சே இல்லை. முன்கூட்டி எடுத்த பேக்கப்தான் கதி.

செருகியதும் "ஃபார்மட் செய்யட்டுமா" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். யோசிக்கவே வேண்டாம், கேன்சல். எஸ்எஸ்டியில் ஃபார்மட் கொடுத்தால் டிரிம் என்ற கட்டளை போய்ப் பழைய டேட்டாவைத் துடைத்துவிடலாம். ஹார்டு டிஸ்க் என்றால் ஏதாவது மிஞ்சலாம், இதில் மிஞ்சும் என்று நம்ப முடியாது. அந்த ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்கும் வித்தையும் வேண்டாம்.

காப்பி செய்ய வேண்டியது யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பது. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்துவிட்டு ஓடுவதில் விட்டுப்போகிறவை நிறைய. ஒன்டிரைவ் ஃபைலில் மேகக் குறி இருந்தால் அது டிஸ்க்கில் இல்லவே இல்லை, கணக்கில்தான் தேட வேண்டும். குரோம் ஃபோல்டரை அப்படியே எடுத்துப் போட்டாலும் பாஸ்வேர்டுகள் வராது, அவை பழைய விண்டோஸோடு பூட்டப்பட்டவை. அவுட்லுக்கில் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல் முக்கியம். கணக்கு எழுத டேலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரோடு லைசென்ஸையும் கவனிக்க வேண்டும். பழைய மெஷின் ஓடும்போதே லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டால் (அந்த மெஷினிலிருந்து விடுவித்துவிட்டால்) தலைவலி இல்லை.

டிடிபி கடைகளுக்குத் தனியாக ஒன்று. பாமினி, வானவில் ஃபான்டில் அடித்த பழைய ஃபைல்கள் புது லேப்டாப்பில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, ஃபான்ட் வரவில்லை, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டரின் ஃபான்ட்ஸில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் வரைக்கும் போய்ப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானாலும் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்தால் குறைத்துவிட்டுப் போகட்டும்.