ஆயுள்: வாழ்நாள், மூப்பு, சாக்காடு

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வந்து நின்றால் "ஒனக்கு ஆயிசு நூறு" என்போம். அதே ஆள் இலங்கை மலைநாட்டின் ஹட்டன் டவுனுக்கு இறங்கிக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் சிங்களத்தில் "ஆயுபோவன்" என்பார். இரண்டும் ஒரே வேரில் கிளைத்த வாழ்த்து. வடமொழியின் 'ஆயுஸ்' தமிழில் ஆயுள், ஆயுசு என்றானது, பேச்சில் ஆயிசு. சிங்களத்தில் அது 'ஆயு'. ஆயுள் பெருகட்டும் என்ற பொருளில் வரும் 'ஆயு பொஹோ வேவா'தான் சுருங்கி ஆயுபோவன் ஆயிற்று. ஆயுள் நீட்டிப்பு என்று இன்று ஆய்வுகூடங்களில் பேசப்படுவதை மலைநாட்டில் நாளுக்குப் பத்துத் தரம் வணக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேரில் அச்சொல் குறித்தது காலத்தை மட்டுமல்ல, உயிர்ப்பாற்றலையும். கிரேக்கத்தின் 'அயோன்', இலத்தீனின் 'அய்வும்', அதன் வழிவந்த ஆங்கில 'ஏஜ்' எல்லாம் இதன் உறவுக்காரர்கள். ஆயுர்வேதத்தின் முன்பாதியும் இதுவே. ஆயுட்காலம் என்பது பிற்சேர்க்கை. இன்று தமிழில் ஆயுள் என்றாலே காலம்தான். காலத்தோடு இன்னொரு காலத்தைக் கட்டிவிட்டிருக்கிறோம்.

நேரான தமிழ்ச்சொல் வாழ்நாள். ழகரமும் நகரமும் சேர்ந்து வாணாள் என்றும் வரும். "வாழ்நாள் வழியடைக்கும் கல்" என்று குறள் (38) ஆள்கிறது. இதில் உயிர் நாள்கணக்கில் எண்ணப்படுகிறது; தோட்டத்தில் பேர் போட்டு (அன்றைய வேலையைப் பதிந்து) நாட்சம்பளம் வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. ஆயுள் காப்புறுதி, ஆயுள் தண்டனை என்று வேரூன்றிவிட்டவற்றைப் பிடுங்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாழும் காலத்தின் நீளம், உடம்பு தேயும் போக்கு, முடிவு ஆகிய மூன்றையும் 'ஆயுள்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு: வாழ்நாள், மூப்பு, சாக்காடு. சித்தர் மரபு நரை, திரை, மூப்பு, சாக்காடு என்று வரிசையே வைத்திருக்கிறது. திரை என்பது தோல் சுருக்கம்.

முதலில் நீளம். ஆயுள் எதிர்பார்ப்பு என்ற தொடர் ஒரு சராசரியைக் குறிக்கிறது. அதை எல்லையாகப் படிப்பதுதான் வழக்கமான பிழை. பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள், மூன்று பிள்ளைகள் பிறந்த சில நாளில் இறக்கிறார்கள், மற்ற ஏழு பேரும் 70 வரை இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 49. ஆனால் 49 வயதில் இறந்தவர் ஒருவருமில்லை. இலங்கையின் சராசரி 1946இல் 43 அளவில் இருந்து அடுத்த ஆண்டே 52ஐ எட்டியபோது கிழவர்கள் ஒன்பது வருடம் கூட வாழ்ந்துவிடவில்லை. மலேரியாவுக்கும் பிள்ளைச் சாவுக்கும் தப்பியவர்கள் கூடினார்கள். தோட்டங்களில் பிள்ளைச் சாவு நெடுங்காலம் நாட்டுச் சராசரிக்கு மேலேயே இருந்தது. அதனால் தோட்டத்துச் சராசரி தாழ்ந்தது. அந்தக் காலத்திலும் லயத்துக்கு ஒரு தொண்ணூறு வயதுப் பாட்டி இருந்ததை இந்தச் சராசரி காட்டாது. இன்று நாட்டுச் சராசரி 76ஐ ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்து 60 வயதுக்காரர் தமக்கு 16 வருடம்தான் மிச்சம் என்று கழிப்பதும் தப்பு. அறுபதைத் தொட்டவர்கள் சிறுவயதுச் சாவுகளைத் தாண்டி வந்தவர்கள். அவர்களுடைய மீதி அதைவிடக் கூடுதல்.

உச்ச வாழ்நாள் வேறு கணக்கு. பதிவுகளால் உறுதியானதில் மிக நீண்டது பிரான்சின் ழான் கல்மான் வாழ்ந்த 122 வருடம் 164 நாள். அவர் 1997இல் இறந்தார். சராசரி எவ்வளவோ ஏறியும் இந்த உச்சத்தை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை.

ஏன் என்று கேட்டால் மூப்புக்கு வரவேண்டும். 'மூ' என்ற வினையடி நம்முடையது. மூத்தவர், மூதாதை, முதுமை எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். காப்புறுதிக் கணக்கரான பெஞ்சமின் கொம்பேர்ட்ஸ் 1825இல் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தார்: வளர்ந்தவர்களின் சாவு வாய்ப்பு வயதோடு சீராகப் பெருகிப் போகிறது. மனிதரில் அது ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 30இலிருந்து 70க்குள் ஐந்து இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. ஒரு நோயை ஒழித்தாலும் இந்த ஏற்றம் நிற்பதில்லை. அடுத்த நோய் அந்த இடத்துக்கு வந்துவிடும். மூப்பைத் தனியாகப் பார்க்கவேண்டியது இதனால்தான்.

வாழ்நாளும் மூப்பும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதைத் தேயிலை மலையில் கண்ணாலேயே பார்க்கலாம். செடி நூறு வருடத்துக்கு மேலும் நிற்கும். உயர்ந்த மலைகளில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, அதாவது கிளைகளைக் கழித்து, ஒன்றரை, இரண்டு அடிக்குக் குறைக்கிறார்கள். வெட்டுமுன் சில வாரம் கொழுந்து பறிக்காமல் ஓயவிடவேண்டும். வேரில் மாச்சத்து சேர அந்த ஓய்வு தேவை. பென்சில் தடிப்புள்ள வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் கத்தி வைக்கலாம். மஞ்சளாகவே நின்றால் மாச்சத்து போதாது. அப்போது வெட்டினால் துளிர்க்கத் தெம்பில்லாமல் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வரும். கடும் வெயிலில் வெட்டினால் பட்டை வெந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் பூஞ்சணம் ஏறும். எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தளதளவென்று இளங்கொழுந்து. பார்க்கிறவனுக்குச் செடி இளமையாகிவிட்ட மாதிரித் தெரியும். கொழுந்துதான் இளசு, தூரும் வேரும் பழசு. ஒவ்வொரு வெட்டுக்காயமும் மரத்துக்குள் ஓர் உழுத்தலை விட்டுப் போகிறது. விளைச்சல் குறைந்து ஒருநாள் பிடுங்கி, குவாத்தமாலாப் புல் போட்டு ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேற்றி, அதன்பின் புதுக்கன்று வைக்கிறார்கள். செடி நின்ற காலம் வாழ்நாள். நல்ல கொழுந்து தந்த காலம் அதைவிடக் குறைவு. மனிதரில் இந்த இரண்டாவதை 'நலவாழ்நாள்' எனலாம். 'ஆரோக்கிய ஆயுட்காலம்' என்று பத்திரிகைகள் இழுப்பதைவிடக் கச்சிதம்.

ஆய்வுகூடத்தில் மூப்பு தணிவதைக் கண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் சிறு உயிர்களில். தீனியைக் குறைத்த எலிகள் கூடக்காலம் வாழ்ந்ததை கிளைவ் மக்கே 1935இல் காட்டினார். ஒற்றை மரபணு மாற்றத்தால் ஒரு சிறு புழுவின் வாழ்நாள் இரட்டித்ததை 1993இல் சிந்தியா கென்யனின் குழு வெளியிட்டது. ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ரப்பமைசின் என்ற மருந்தை 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்த முடிவு 2009இல் வந்தது. பத்தில் ஒன்பது இறந்துபோன வயதை வைத்து அளந்தபோது பெண் எலிகளுக்கு 14 சதவீதமும் ஆண் எலிகளுக்கு 9 சதவீதமும் கூடியிருந்தது. ஆனால் அது நோயெதிர்ப்பைத் தாழ்த்தும் மருந்து. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்படுவது. வாய்ப்புண்ணும் தொற்றும் கூடவே வரும். மனிதரின் உச்ச வாழ்நாளை நீட்டியதாக நிறுவப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

நம் பழைய சொல் காயகற்பம். காயம் உடம்பு, கற்பம் வடமொழிக் 'கல்ப'த்தின் தமிழ் வடிவம், மருந்துமுறை என்ற பொருளில். ஊவா மலை இறங்கும் பிபிலைப் பக்கத்துப் புல்வெளிக் காட்டில் நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றுமே நிற்கின்றன. கொட்டை நீக்கிக் காயவைத்துச் சம எடையாக இடித்தால் திரிபலா. கொட்டையோடு இடிப்பதுதான் வழக்கமான பிழை. "கடுக்காய்க்கு அகம் நஞ்சு, சுக்குக்குப் புறம் நஞ்சு" என்பது அதற்காகத்தான். அளவு மிஞ்சினால் வயிற்றால் போகும், அவ்வளவே. பாதரசம் சேர்ந்த கற்பங்கள் அப்படியல்ல. சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் முறை, பிசகினால் சிறுநீரகம் போய்விடும், வாழ்நாளை நீட்டப்போய்க் குறுக்கின கதையாகும்.

நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானைப் பாடும் புறநானூறு (91) "சாதல் நீங்க" என்கிறது. சாவே வராமை என்ற இந்த ஆசைக்குச் 'சாகாமை' என்ற சொல் போதும். மூப்புத் தணிப்பை அதனோடு குழப்பக்கூடாது. மூப்பே இல்லாமல், வருடத்துக்கு ஆயிரம் பேரில் ஒருவர் மட்டும் விபத்தில் இறக்கும் ஊரைக் கற்பனை செய்தால் அங்கே சராசரி வாழ்நாள் 1,000 வருடம். ஆனாலும் 700 வருடத்துக்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். குளவிக்கொட்டும், வளைவில் புரளும் வேனும் வயது பார்ப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் சரிந்த மலையும் பார்க்கவில்லை.

ஆகவே "ஆயுளை நீட்டிக்கும் மாத்திரை" என்று தலைப்பைக் கண்டால், எந்த உயிரில், எந்த வயதில் தொடங்கி, சராசரியா உச்சமா என்று பார்த்துவிட்டு மொழிபெயர்க்கவேண்டும். சராசரி ஏறினால் 'சராசரி வாழ்நாள் உயர்வு'. தேய்வு குறைந்தால் 'மூப்புத் தணிப்பு'. படுக்கையில் கிடக்கும் வருடங்கள் குறைந்தால் 'நலவாழ்நாள் நீட்டிப்பு'. வாசலில் வந்து நிற்கிறவருக்கு மட்டும் ஆயிசு நூறு என்றே சொல்லலாம்.